ஏரிக்கரையில் வைத்த மூன்று உருண்டை

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது மலைக்குப் போகிற பேச்சை எடுத்தால், "போகிற வழியில் நல்ல ஏரிக்கரையாகப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று ஒருவராவது சொல்லாமல் இருப்பதில்லை. சோறு தின்ன ஊரில் வேறு இடமா இல்லை என்று எரிந்து விழுவேன். கிழவிக்கு வரவர எதற்கெடுத்தாலும் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். ஏரிக்கரையில் இலை போட்டுச் சாப்பிடுவது எவ்வளவு சுகமான காரியம் என்று எனக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அது எங்கேயோ நடந்தது; எங்களுக்கு அது மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அரிசியும் கிடைக்காத காலம், அவ்வளவுதான். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மஞ்சள் மண்டி வைத்திருந்தார். வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி. எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பேர் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார்கள். அதனால் தம்பி ஒரு தும்மல் போட்டாலே அம்மாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அந்தத் தம்பிக்குக் கக்குவான் வந்தது. இந்தக் காலத்தில் ஊசி போட்டுவிடுகிறார்கள். அந்த இருமலைக் காதால் கேட்டவர்களே குறைந்துபோனார்கள். ஒரு தடவை பிடித்தால் லேசில் விடாது. இருமி இருமி மூச்சு முழுக்கத் தீர்ந்து, முகம் நாவல்பழம் போல் கறுத்து, இனி அவ்வளவுதான் என்று நாம் நினைக்கும்போது காற்றை உள்ளே இழுப்பான். எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு கூவல் வரும். அது வந்தால்தான் அம்மாவும் மூச்சு விடுவாள். கழுதைப்பால் வாங்கிப் புகட்டினாள். ஆடாதொடை இலையை வேகவைத்துக் கொடுத்தாள். இராசிபுரத்து டாக்டர் ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்துவிட்டு, "மலைக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்திருங்கள், காற்று மாறினால் தேவலை" என்றார். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவின் சிநேகிதர் தம் வீட்டுப் பின்கட்டை ஒழித்துத் தருவதாகச் சொல்லியனுப்பினார். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டில் எங்களை யார் சேர்ப்பார்கள்?

சூரமங்கலத்தில் ரயில்வேயில் வேலையாக இருந்த மாமா வீடு வழியில்தான் இருந்தது. அங்கே இறங்கி மதியம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். முதல் நாளே மாமாவிடமிருந்து ஆள் வந்துவிட்டது, "இந்தத் தடவை வேண்டாம், கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று. மாமாவைக் குறை சொல்ல முடியாது, வீடு நிறைய நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள். காபி கிளப்பில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கிடையாது. அப்படியே போனாலும் தம்பி ஒரு இருமல் இருமினால் பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். ஆகவே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, வழியில் ஏதாவது ஏரிக்கரையில் நிறுத்திச் சாப்பிடுவது என்று முடிவாயிற்று.

அப்பாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மாவுக்கு ஏரிக்கரையில் வேறொரு வேலை இருந்தது. எங்கள் தெருவில் பிரசவம் பார்க்கிற அம்மாள் ஒருத்தி அவளிடம் சொல்லியிருந்தாள்: பிள்ளையைக் கொண்டுபோகும் வழியில் கழிப்புக் கழித்துவிட வேண்டும். வெள்ளையாக ஒன்று, மஞ்சள் கலந்து ஒன்று, கரி கலந்து ஒன்று என்று மூன்று சோற்று உருண்டை. பிள்ளையைச் சுற்றி, அவனைத் துப்பச் சொல்லி, மலையும் தண்ணீரும் ஒருசேரக் கண்ணுக்குப் படுகிற கரையில் உச்சிப்பொழுதில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் போனது பின்னாலேயே வந்து ஏறிக்கொள்ளும். இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அங்கே ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. உருண்டையை யாராவது மிதித்தாலோ தொட்டாலோ நோய் அவர்களோடு போய்விடும்.

அப்பாவுக்கு இந்தச் சமாசாரமெல்லாம் ஆகாது. "டாக்டர் மருந்து குடுத்திருக்கறாரு, அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து" என்று முன்பே ஒருமுறை கத்தியிருந்தார். அதனால் அம்மா வெறுஞ்சோற்றைச் சின்னத் தூக்குப்போசியில் தனியாகப் போட்டு என் காலடியில் வைத்தாள். "தண்ணிச் சொம்பு தூக்கிக்கிட்டு நீயும் எங்கூட வரோணும் அம்மிணி. அப்பாகிட்ட வாயத் தொறக்காதே" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இரகசியத்தில் பங்கு கிடைத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் பெருமை வராது!

சேலத்திலிருந்து வாடகைக் கார் வந்தது. பெட்ரோல் கிடைக்காததால் காரின் முதுகில் ஒரு இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். கரி வண்டி என்போம். ஓட்டி வந்தவர் சேலத்து பாய். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, விசிறியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை மூட்டி, "கெளம்புடி கண்ணு, கொழந்தை காத்திருக்கு" என்று வண்டியோடு பேசுவார். மலை ஏறுவதற்கென்று ஒரு டின் பெட்ரோலைச் சேர்த்து வைத்திருந்தார். அடிவாரத்துக்கு முன்னால் எங்காவது நிறுத்தி, பீப்பாயை ஆறவிட்டுச் சாம்பலைத் தட்டி, வண்டியைப் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். "நெழலும் தண்ணியும் இருந்தாப் போதுங்கண்ணே, ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவேன்" என்றார்.

காலையில் கிளம்பினோம். மேட்டைக் கண்டால் வண்டி நின்றுவிடும். அப்பாவும் நானும் இறங்கி நடப்போம், வண்டி எங்களுக்குப் பின்னால் இருமிக்கொண்டு வரும். உள்ளே தம்பி இருமுவான். யார் இருமுகிறார்கள் என்று தெரியாத கூத்து.

வெண்ணந்தூருக்குப் பிரிகிற இடத்தருகே முதல் ஏரி வந்தது. கரை நெடுக வேப்பமரம். பாய் வண்டியை ஓரம் கட்டினார். அம்மா எட்டிப் பார்த்தாள். மரநிழலில் நெசவுக்காரர்கள் நீளமாக நூலை இழுத்துக் கட்டிப் பாவு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமாக நல்ல கூட்டம்.

"இங்க வேண்டாமுங்க" என்றாள் அம்மா.

"ஏன், நல்லாத்தானே இருக்குது?"

"சனமா இருக்குதுங்க. கொழந்தை இருமறான், நாலு பேரு பாத்து முகஞ்சுளிப்பாங்க."

அது நியாயமாகத் தோன்றவே அப்பா வண்டியை எடுக்கச் சொன்னார். மல்லூரைத் தாண்டி இன்னொரு ஏரி. அங்கே வண்ணார்கள் துறையில் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றாள். சேலத்தைச் சுற்றிக்கொண்டு போய் மூன்றாவதாக ஒன்று. ஆலமரம், படிக்கட்டு, தெளிந்த தண்ணீர், எதிரே மலை. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எருமை கழுவுகிற பையன்கள் பத்துப் பேர் தண்ணீரில் குதித்து ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள். அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாமுங்க" என்றாள்.

அப்பாவுக்குப் பசி. "ஏம்புள்ள, நீ சோறு திங்க எடம் பாக்கறியா, இல்ல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறியா? ஒண்ணாச்சும் மனசுக்குப் புடிக்குதா உனக்கு!"

பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்து, "நம்ம கொழந்தைக்கு வந்தது இன்னொரு தாயி பெத்த புள்ளைக்குப் போயிரக் கூடாது, அம்மிணி. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்றாள். இதை நான் வேண்டுமென்றே எழுதி வைக்கிறேன். என் அம்மா கெட்டவள் இல்லை. பசியோடு, இருமுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, புருஷனிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் பாவம் வேண்டாம் என்று மூன்று ஏரியை வேண்டாமென்றவள்.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாலாவது ஏரி அகப்பட்டது. பாதையிலிருந்து பிரிந்து வண்டித்தடத்தில் கொஞ்ச தூரம் போக வேண்டும். பெரிய புளியமரம் ஒன்று, அதன் கீழே யாரோ பெருக்கி வைத்தது போல் சுத்தமான தரை. தண்ணீர் கரைவரை நின்றது. மலை அப்படியே அதற்குள் தலைகீழாகத் தெரிந்தது. ஒரு காக்கை குருவி தவிர ஆள் அரவம் இல்லை. கரையின் அந்தக் கோடியில் ஒரு பனந்தோப்பு, அவ்வளவுதான்.

"பிள்ளைங்களுக்கு ஏத்த எடம்மா இது. மேடு பள்ளம் இல்லை, தண்ணியும் ஆழமில்லை" என்றார் பாய்.

அம்மா இறங்கி நின்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். முகம் தெளிந்தது. "செரிங்க, இங்கயே எலை போடலாமுங்க" என்றாள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

பாய் பீப்பாயோடு மல்லுக்கட்டினார். அப்பா அவருக்கு ஒத்தாசையாகப் போனார். அம்மா தம்பிக்குக் கால் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு, கரிச் சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மூன்று பேரும் கரை வழியே பனந்தோப்புப் பக்கம் நடந்தோம். ஒரு தட்டைப்பாறை தண்ணீரை ஒட்டி இருந்தது. அம்மா அங்கே உட்கார்ந்து உருண்டை பிடித்தாள். ஒன்று வெள்ளை. ஒன்றில் எங்கள் மண்டி மஞ்சளைக் கலந்தாள். ஒன்றில் கரியை நுணுக்கிக் கலந்தாள். ஒவ்வொன்றையும் தம்பியின் தலையைச் சுற்றினாள்.

"துப்பு சாமி."

தம்பிக்கு இது விளையாட்டாகிவிட்டது. கன்னத்தை உப்பிக்கொண்டு எச்சிலைச் சேர்த்துச் சேர்த்து ஒவ்வொரு உருண்டையிலும் துப்பினான். அதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, அந்தக் கூவலும் வந்தபிறகு, வாயில் வழிந்த கோழையையும் அம்மா விரலால் வழித்து உருண்டைகளின் மேல் தடவினாள். இலையில் வைத்துப் பாறை மேல் இறக்கினாள். கண்ணை மூடி என்னவோ சொன்னாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், என் கையைப் பிடித்தாள்.

"திரும்பிப் பாக்காம நட."

நடந்தோம். சொல்லாமல் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டேனோ என்னவோ. பின்னால் சருகு சரசரத்தது. நான் திரும்பினேன்.

பனந்தோப்பிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, தம்பியைவிடக் கொஞ்சம் சின்னது. அவளுக்குப் பின்னால் இரண்டு ஆடு. எங்களைப் பார்த்து அவ்வளவு நேரம் மரத்துக்குப் பின்னால் நின்றிருப்பாள் போலிருக்கிறது. நேரே பாறைக்குப் போனாள். குனிந்தாள்.

"அம்மா, ஒரு புள்ள அதை எடுக்குதும்மா" என்றேன்.

அம்மா நின்றாள். என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது. அவள் கழுத்து நரம்பு புடைத்து நின்றதைப் பார்த்தேன். திரும்பப் போகிறாள் என்றே நினைத்தேன். தம்பி அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தான். இருமி முடித்த களைப்பு, வாய் திறந்தே கிடந்தது.

அந்தப் பெண் வெள்ளை உருண்டையைப் பாதி கடித்துவிட்டு, மீதியைக் குழந்தையின் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். நான் "ஏ புள்ள!" என்று வாயெடுத்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. கரியும் மஞ்சளும் எச்சிலுமாக நாறிய அந்தக் கை.

"நட" என்றாள்.

அவள் திரும்பவில்லை. திரும்பத்தான் கூடாது, கத்தக் கூடாது என்று யார் சொன்னது? முதுகைக் காட்டிக்கொண்டே "தொடாதே" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே! இதை மனசுக்குள் எத்தனை தடவை அவளிடம் கேட்டிருப்பேன். வாய்விட்டு ஒருநாளும் கேட்டதில்லை.

புளியமரத்தடிக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு இலை போட்டாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, மோர்மிளகாய், எள்ளுத் துவையல், இனிப்புக்குக் கச்சாயம். பாய்க்கும் ஒரு இலை போட்டுப் பரிமாறினாள். காற்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வந்தது. தம்பி அன்று இருமாமல் சாப்பிட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு உள்ளே போன சோறு வெளியே வரவில்லை. அப்பாவுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"பாத்தியா? மலைக்காத்து இங்கயே ஆரம்பிச்சிருச்சு. எடம் பாத்தாலும் பாத்தே, நெம்ப நல்ல எடமாப் பாத்தே!" என்று அம்மாவைப் புகழ்ந்தார். "இனி எப்ப மலைக்கு வந்தாலும் இங்கதான் சாப்பாடு."

அம்மா தலையை ஆட்டினாள். எனக்கு இறங்கவில்லை. "தின்னு" என்றாள் என்னைப் பார்த்து. தின்றேன். பசிக்கு ருசியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் என் வாயிலிருந்து போகமாட்டேன் என்கிறது.

பாத்திரங்களைக் கட்டும்போது புளிச்சோற்றுப் போசியையும் நாலு கச்சாயத்தையும் பாயிடம் நீட்டினாள். "பனந்தோப்புக்கிட்ட ஒரு புள்ள கைக்கொழந்தையோட நிக்குதுங்க பாய். இதைக் குடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். நான் பார்த்து அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கைக்குழந்தை இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.

ஏற்காட்டில் ஒரு மாதம் போல இருந்தோம். குளிரில் தம்பிக்கு முதலில் கூடியது, பிறகு மெல்லக் குறைந்தது. இருமல் இருந்தது, கூவல் நின்றது. பிறகு இருமலும் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. காப்பிச் செடிகளுக்குள் ஓடி ஒளிந்தான். அப்பா வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "டாக்டர் சொன்னாரு பாத்தியா!" என்பார். அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் வேறு. நான் மட்டும் சாயந்திரமானால் மலை விளிம்புக்குப் போய் நின்று கீழே பார்ப்பேன். தரையெல்லாம் தண்ணீர்த் துண்டுகளாகப் பளபளக்கும். எந்த ஏரி நம்முடையது என்று தெரியாது.

இறங்கி வரும்போதும் அதே பாய், அதே வண்டி. அடிவாரத்தில் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "எங்கயும் நிறுத்த வேண்டாமுங்க, ஊட்டுக்கே போயிரலாம்." அப்பாவும் சரி என்றார். ஆனால் வண்டிக்குத் தாகம் எடுத்துவிட்டது. மூடியிலிருந்து ஆவி சீறியது. "தண்ணி ஊத்தாம ஒரு அடி நகராதுங்கம்மா. நம்ம ஏரி இந்தா பக்கத்துலதான்" என்று பாய் வண்டித்தடத்தில் திருப்பிவிட்டார்.

அதே புளியமரம். நாங்கள் இலை போட்ட இடத்தில் சருகு விழுந்திருந்தது. பாய் வாளியோடு தண்ணீருக்கு இறங்கினார். அப்பா முறுக்கு ஒன்றை உடைத்துத் தம்பியிடம் கொடுத்தார். அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. மடியில் தம்பியை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

பனந்தோப்புப் பக்கமிருந்து அது வந்தது. இருமி, இருமி, இருமி, ஒரு நொடி ஒன்றுமே இல்லாமல், பிறகு அந்தக் கூவல்.

தம்பி முறுக்கை வாயிலிருந்து எடுத்தான். காதைச் சாய்த்துக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"அம்மா, அது நானு!" என்றான்.

அம்மா அவனை என் மடியில் தள்ளிவிட்டு இறங்கினாள். மலையில் வாங்கிய தேன் பாட்டிலையும் மீதியிருந்த டாக்டர் மருந்தையும் எடுத்துக்கொண்டாள். "எங்க போறே? ஏ புள்ள, எங்க போறே?" என்று அப்பா கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை. நான் தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

தோப்புக்குள் ஒரு பனையோலைக் குடிசை. வாசலில் ஒரு தாய் உட்கார்ந்து குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் முகம் நாவல்பழமாக இருந்தது. ஆடு மேய்த்த அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். அவளுக்கும் லேசாக இருமல் இருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"ஆத்தா, நான் சொன்னனே, சோறு குடுத்த அம்மாங்க! இவங்கதான்!"

அவள் தாய் குழந்தையோடு எழுந்து நின்றாள். "வாங்க சாமி. புள்ள அன்னிக்கெல்லாம் உங்க புளிச்சோத்தைப் பத்தியேதான் பேசிக்கிட்டிருந்துச்சுங்க" என்றாள். அம்மா தேனையும் மருந்தையும் நீட்டினாள். அந்தத் தாய் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, கேட்டாள்: "உங்க கொழந்தைக்கும் இப்படித்தான் இருந்துச்சாமா, டைவர் பாய் சொன்னாருன்னு இவ சொன்னா. இப்ப நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சுங்க."

"எப்படிங்க நின்னுச்சு? என்ன வைத்தியம் பண்ணினீங்க? சொன்னீங்கன்னா நானும் பண்ணுவனுங்க."

குழந்தை மறுபடி இருமத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் அது முடிகிறவரை நின்றோம். மூச்சு உள்ளே போகிறவரை. நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லப் போகிறாள், காலில் விழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மலைக்காத்துங்க" என்றாள் அம்மா. "மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனோமுங்க."

அந்தத் தாய் நிமிர்ந்து பனைகளுக்கு மேலே தெரிந்த மலையைப் பார்த்தாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான். அவர்களுக்கு அந்த மலை தினம் கண் முன்னால் நிற்கிறது. ஏறிப்போய் ஒரு மாதம் உட்கார யார் இருக்கிறார்கள்?

பெரியவளானபின் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தம்பியின் எச்சில். அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு துப்பிய எச்சிலையும் அம்மா வழித்துத் தடவிய கோழையையும் அந்தப் பிள்ளைகள் தின்றார்கள். கழிப்புக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் தம்பி பிழைத்திருப்பான். ஆனால் அம்மாவிடம் போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எந்த வழியில் கணக்குப் பார்த்தாலும் அவளுக்கு விடை ஒன்றுதான்.

வண்டி கிளம்பியது. அப்பா தம்பியை நீட்டியபோது அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அவனை என் மடியில் உட்காரவைத்தார். வண்டித்தடத்திலிருந்து பெரிய பாதைக்கு ஏறும் இடத்தில், அம்மா இருக்கையில் முட்டி போட்டு ஏறி, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணாடி வழியே ஏரியைப் பார்த்தாள். புளியமரமும் தோப்பும் மறைகிறவரை, கரிப்புகையைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போன பிறகும் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தால் போனது வந்து ஏறிக்கொள்ளும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் தம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவனைப் பெற்றவளிடமிருந்தே அவனைக் காப்பாற்ற வேண்டும் போல் அன்று எனக்குப் பயமாக இருந்தது.

தம்பிக்கு ஒன்றும் வரவில்லை. மறு வருஷம் பாய் வேறொரு வாடகைக்கு எங்கள் ஊர்ப்பக்கம் வந்தார். அப்பா இல்லாத நேரம் பார்த்து அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, ஏரிக்கரைக் குடிசையைப் பற்றிக் கேட்டாள். "அந்தக் குடிசை இப்ப அங்க இல்லீங்கம்மா" என்றார் பாய். அவர் வேறு ஏதோ சொல்ல வந்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

தம்பி வளர்ந்தான், மண்டியைப் பார்த்துக்கொண்டான், பேரன் பேத்தி எடுத்தான். மஞ்சள் தூசியில் நின்று நின்று அவனுக்கு ஒரு இருமல் ஒட்டிக்கொண்டது. அம்மா கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் உள்ளறையில் படுத்திருந்தாள். வாசலில் அவன் இருமினால் போதும், அங்கிருந்து குரல் வரும்.

"அது யாரு?"

"நான்தாம்மா."

"நீயா சாமி?"

"ஆமாம்மா, நானேதான். வேற யாரு?"

அம்மா கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பாள். தம்பி என்னிடம், "கெழவிக்குக் காது போயிருச்சுக்கா" என்று சொல்லிச் சிரிப்பான். அவனுக்கு அந்த ஏரி நினைவில்லை. நானும் சொல்லவில்லை.